தேய்வும் துருவும்

மனிதன் ஆக்கிய பொருள்கள் இரு வழிகளில் அழிகின்றன. பயன்படுத்துவதால் தேய்வது ஒரு வழி. பயன்படுத்தாமல் விடுவதால் துருவேறுவது மற்றொரு வழி. அம்மி தேய்கிறது, மூலையில் கிடக்கும் மண்வெட்டி துருப்பிடிக்கிறது. தேய்வு உழைப்பின் அடையாளம். துரு புறக்கணிப்பின் அடையாளம். இவ்விரண்டையும் ஒருங்கே தாங்கி நிற்கும் பொருள்களுள் ஒன்று, டி.ஜே. எனப்படும் இசைத்தட்டாளர்கள் கையாண்ட டர்ன்டேபிள் ஆகும். பல்லாண்டுகள் இரவுதோறும் ஓயாமல் சுழன்று தேய்ந்தபின், கேட்பாரற்றுக் கிடங்குகளில் துருவேறிக் கிடக்கும் இவ்வியந்திரங்களைச் சிலர் தேடி எடுத்து, மீண்டும் பாடவைக்கின்றனர்.

மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு இஃது ஒரு பொழுதுபோக்காகவே தோன்றும். ஊன்றி நோக்குவார்க்கோ, இத்தொழிலின் உள்ளே ஒரு வினா ஒளிந்திருப்பது புலனாகும். பழுதுபட்ட ஒன்றில் எதை நீக்க வேண்டும்? எதை விட்டுவைக்க வேண்டும்? இவ்வினாவிற்கு விடை காணாமல் எவரும் நல்ல செப்பனிடுநர் ஆக முடியாது.

பிறப்பும் பெருமையும்

1877ஆம் ஆண்டில் எடிசன் ஒலியைப் பதிவு செய்து மீண்டும் கேட்கும் கருவியைப் படைத்தார். பத்தாண்டுகள் கழித்து, 1887இல், எமில் பெர்லினர் தட்டையான தட்டில் ஒலியைப் பதிக்கும் முறையைக் கொணர்ந்தார். அன்று தொடங்கி, தட்டைச் சீரான வேகத்தில் சுழற்றுவது எப்படி என்பதே பொறியாளர்களின் தலையாய கவலையாக இருந்து வந்தது. நெடுநேர இசைத்தட்டு நிமிடத்திற்கு 33⅓ முறை சுழல வேண்டும். அதாவது மூன்று நிமிடங்களில் சரியாக நூறு சுற்று. இதில் சிறிது பிறழ்ந்தாலும் பாடகரின் குரல் தடித்தோ கீச்சிட்டோ ஒலிக்கும்.

ஒரு காலத்தில் தட்டைச் சுழற்ற விசைச்சுருள் பயன்பட்டது. பின்பு மின்மோட்டாரின் சுழற்சியை ரப்பர் உருளையோ ரப்பர் வாரோ தட்டுக்குக் கடத்தியது. வார் நாளடைவில் தளரும். தளர்ந்தால் வேகம் குன்றும். இக்குறையைக் களைய எண்ணிய சப்பானின் மட்சுஷிதா நிறுவனம், தன் டெக்னிக்ஸ் என்னும் பெயரில், 1970ஆம் ஆண்டில் எஸ்.பி.10 என்ற இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் வாரும் இல்லை, உருளையும் இல்லை. மோட்டாரின் அச்சே தட்டின் அச்சாக நின்று நேரடியாகச் சுழற்றியது. அவ்வழியில் 1972இல் எஸ்.எல்.1200 பிறந்தது. வீட்டில் அமைதியாக அமர்ந்து இசை கேட்போருக்காக ஆக்கப்பட்ட கருவி அது. அதனை வேறொரு கூட்டம் தனதாக்கிக் கொள்ளப்போகிறது என்பதை ஆக்கியோர் அறிந்திரார்.

அக்கூட்டம் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் தோன்றியது. 1973 ஆகஸ்டு 11ஆம் நாள், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு விருந்து நடந்தது. பள்ளி திறக்கும் காலத்திற்குப் புத்தாடை வாங்கப் பணம் திரட்ட விரும்பிய ஒரு மாணவி அதனை ஏற்பாடு செய்திருந்தார். அவருடைய தமையனே இசைத்தட்டுகளைச் சுழற்றினார். ஜமைக்காவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய அவ்விளைஞரை உலகம் பின்பு கூல் ஹெர்க் என அறிந்தது. பாடலில் தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் சிறு பகுதியே ஆடுவோரை எழுப்புகிறது எனக் கண்ட அவர், ஒரே இசைத்தட்டின் இரு படிகளை இரு இயந்திரங்களில் வைத்து, அப்பகுதியை மாறி மாறி ஒலிக்கச் செய்து நீட்டித்தார். ஹிப் ஹாப் என்னும் கலையின் பிறந்தநாளாகப் பலர் கொண்டாடுவது அவ்விருந்து நடந்த நாளையே. அவர்க்குப் பின்வந்த கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ், இசைத்தட்டின் மீது வண்ணக்கோலால் குறியிட்டு, தாளம் தொடங்கும் இடத்தைக் கண்ணாலேயே கண்டறியும் முறையைச் செம்மைப்படுத்தினார்.

இத்தகைய கையாளுதலை வார் பூட்டிய இயந்திரம் தாங்காது. கையால் தட்டைப் பிடித்து நிறுத்தவும், பின்னோக்கி இழுக்கவும், விட்டவுடன் முழு வேகத்தில் ஓடவும் வேண்டும். நேரடி இயக்க இயந்திரமே அதற்கு ஏற்றதெனக் கலைஞர்கள் கண்டனர். 1979இல் வெளிவந்த எஸ்.எல்.1200 எம்.கே.2, வேகத்தைத் திருத்த உருள் குமிழுக்கு மாற்றாக நீண்ட நகர்கோல் ஒன்றைக் கொண்டிருந்தது. அதனால் வேகத்தை எட்டு விழுக்காடு கூட்டவோ குறைக்கவோ இயலும். 33⅓ சுற்று, 36 சுற்றாகும். நின்ற நிலையிலிருந்து முழு வேகத்தை எட்ட அதற்கு ஏறத்தாழ 0.7 நொடியே போதும். உலகெங்கும் நடனக் கூடங்களில் அதுவே நிலைபெற்றது. 2010ஆம் ஆண்டில் அதன் உற்பத்தி நின்றது. விரும்பிகளின் வேட்கை தணியாமையால் 2016இல் புதிய வடிவில் மீண்டும் தொடங்கியது. எனினும் பழைய இயந்திரங்களின் மதிப்புக் குறையவில்லை. அவற்றைச் செப்பம் செய்வோர் தொகையும் குறையவில்லை.

நோய் நாடல்

செப்பம் செய்வோரின் முதற்பணி திருப்புளியை எடுப்பதன்று. பார்ப்பதும் கேட்பதுமே முதற்பணி. மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு, தட்டைக் கையால் மெல்லச் சுழற்றிப் பார்க்கின்றனர். உராயும் ஒலி எழுகிறதா? ஊசிக்கையை இரு விரல்களால் மெல்ல அசைக்கின்றனர். பேரிங் தளர்ந்து ஆடுகிறதா? பின்னர் மின்சாரம் செலுத்தி, வேகம் நிலைக்கிறதா என நோக்குகின்றனர். அதற்கும் முன்பு, இயந்திரம் எந்த நாட்டிற்காக ஆக்கப்பட்டது என்பதைப் பார்த்தல் வேண்டும். சப்பானிய உள்நாட்டு இயந்திரங்கள் 100 வோல்ட் மின்சாரத்திற்கு உரியவை. அவற்றை மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ அப்படியே மின்னிணைப்பில் பொருத்தினால், செப்பம் செய்ய வந்தவர் கொளுத்தியவராவார்.

வேகத்தைக் காண இவ்வியந்திரத்திலேயே அழகிய வழி ஒன்று உண்டு. சுழல்தட்டின் விளிம்பில் நான்கு வரிசைப் புள்ளிகள் உள்ளன. பக்கத்திலுள்ள செந்நிற விளக்கு, கண்ணுக்குத் தெரியாத விரைவில் விட்டுவிட்டு ஒளிர்ந்து அப்புள்ளிகளின் மீது படுகிறது. தட்டு சரியான வேகத்தில் சுழலும்போது உரிய வரிசைப் புள்ளிகள் அசையாமல் நிற்பனபோல் தோன்றும். வேகம் மிகுந்தால் அவை முன்னோக்கியும் குறைந்தால் பின்னோக்கியும் ஊர்ந்து செல்லும். தட்டு முழுவதும் ஓட, அதன் மேலுள்ள புள்ளிகள் நிற்கும் இக்காட்சியைக் கண்டு வியவாதார் இலர்.

பெரும்பாலான பழுதுகள் பெரியவை அல்ல என்பது அனுபவம் மிக்கோர் அறிந்த உண்மை. ஒரு பக்க ஒலி வரவில்லையா? ஊசித்தலையும் ஊசிக்கையும் இணையும் இடத்தில் நான்கு சிறு மின்முனைகள் உள்ளன. அவற்றுள் ஒன்றில் அழுக்குப் படிந்திருந்தாலே அப்பக்கம் ஊமையாகிவிடும். ‘உம்’ என்ற இரைச்சல் எழுகிறதா? நிலக்கம்பி எங்கோ அறுந்திருக்கும். ஒலி செல்லும் கம்பிகள் இயந்திரத்தினின்று வெளிப்படும் இடத்தில் ஆண்டுக்கணக்கில் வளைந்து நிமிர்ந்து முறிந்திருக்கும். பொத்தானை அழுத்தியும் தட்டு சுழலவில்லையா? பொத்தானின் அடியில் இருக்கும் சிற்றளவான மின்விசைக் குமிழ் தேய்ந்திருக்கும். இவை யாவும் சிறு செலவில் தீர்வன. ஆயினும் இவற்றை அறியாதோர், ‘இஃது உதவாது’ என்று ஒரே சொல்லில் முழு இயந்திரத்தையும் ஒதுக்கிவிடுகின்றனர். வகுப்பறையிலும் இச்சொல் அவ்வப்போது ஒலிப்பதுண்டு. ஒரு முனையில் படிந்த அழுக்கிற்காக ஒரு முழுப் பிள்ளையை ஊமை எனத் தீர்மானிப்பதும் உலகில் நிகழ்வதே.

துருவின் மூன்று நிறங்கள்

துரு எல்லாம் ஒன்றல்ல. இரும்புத் திருகாணியில் செந்நிறத் துரு ஏறும். செம்பும் பித்தளையும் கலந்த இணைப்பு முனைகளில் பச்சைக் களிம்பு பிடிக்கும். அலுமினியத்தில் வெண்பொடி பூக்கும். கடற்காற்றும் மழையீரமும் மிகுந்த நாடுகளில் இம்மூன்றையும் ஒரே இயந்திரத்தில் காணலாம். நிறம் வேறாயின் மருந்தும் வேறு.

இரும்பில் ஏறிய துரு மேலும் மேலும் உள்ளே அரித்துச் செல்லும். ஆகவே அதனை முற்றும் நீக்கவேண்டும், இயலாதெனில் திருகாணியையே மாற்றவேண்டும். பச்சைக் களிம்பு மின்னோட்டத்தைத் தடுக்கும். அதனை மின்முனைத் துப்புரவு நீர்மத்தால் துடைத்தெடுக்கலாம், கம்பியின் உள்ளேயும் பரவியிருப்பின் புதுக்கம்பி இட்டுப் பற்றவைப்பதே வழி. அலுமினியமோ வேறு இயல்புடையது. காற்றுப் பட்டவுடன் அதன்மேல் மெல்லிய படலம் ஒன்று உருவாகி, உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. உப்பும் ஈரமும் நெடுநாள் தங்கிய இடத்தில் மட்டும் அப்படலம் உடைந்து குழிகள் விழுகின்றன. அவசரக்காரர் இங்கேதான் தவறுகின்றனர். கடும் காரநீரால் கழுவினால் அலுமினியமே கரையும். உப்புத்தாளால் தேய்த்தால் விளிம்பிலுள்ள புள்ளிகள் சிதைந்து, வேகத்தைக் காட்டும் கண்ணே அவிந்துபோகும். மென்மையான பல்துலக்கி, சிறிதளவு சவர்க்கார நீர், உலர்ந்த பருத்தித் துணி, அளவற்ற பொறுமை ஆகிய நான்குமே இதற்குரிய கருவிகள்.

சுழல்தட்டைக் கழற்றும்போது மற்றொன்றையும் கவனித்தல் வேண்டும். எம்.கே.2 வகையில் மோட்டாரின் காந்தம் தட்டின் அடிப்புறத்திலேயே பொருத்தப்பட்டிருக்கும். சுருள்கள் கீழே அடித்தளத்தில் நிற்கும். கழற்றிய தட்டைக் கண்ட இடத்தில் வைத்தால், மேசையிலுள்ள இரும்புத் துகள்களைக் காந்தம் ஈர்த்துக்கொள்ளும். பிறகு தட்டு சுழலுந்தோறும் உராயும். நடு அச்சுக்கு எண்ணெய் இடுவதிலும் அளவு உண்டு. ஏறத்தாழ 2000 மணி நேர உழைப்புக்கு ஒருமுறை இரண்டு மூன்று துளிகளே போதும். மிகுதியாக ஊற்றுவது அன்பாகாது.

எல்லாவற்றிலும் நுண்ணியது ஊசிக்கை. அதன் பேரிங் திருகுகளை மயிரிழை அளவு கூடுதலாக இறுக்கினால் கை விறைத்துப்போகும். ஊசி பள்ளத்தைத் தொடர இயலாமல் தாவும். மயிரிழை அளவு தளர்த்தினால் கை ஆடும், ஒலி கலங்கும். ஆட்டம் அடங்கும் கணத்தில் கையை நிறுத்தத் தெரிய வேண்டும். அதனை எந்த நூலும் முழுமையாகக் கற்பிக்க இயலாது. விரலே விரலுக்கு ஆசிரியர்.

ஒரு தந்தையின் இரு இயந்திரங்கள்

கிள்ளானில், அறுபது வயதைக் கடந்த பழுதுபார்ப்பவர் ஒருவர் உள்ளார். வானொலிப் பெட்டிகளிலும் தொலைக்காட்சிப் பெட்டிகளிலும் தொழில் பயின்றவர். அவரிடம் ஒருநாள், முப்பது வயதை நெருங்கும் இளைஞர் ஒருவர் இரண்டு எம்.கே.2 இயந்திரங்களைக் கொண்டுவந்தார். அவருடைய தந்தையார் 1980களில் திருமண வீடுகளிலும் பிறந்தநாள் விழாக்களிலும் தமிழ்த் திரைப்பாடல் இசைத்தட்டுகளைச் சுழற்றியவர். ஒலிநாடாவும் குறுந்தட்டும் வந்தபின் இயந்திரங்கள் வீட்டின் பின்புறத் தகரக் கொட்டகைக்குச் சென்றன. தந்தையார் மறைந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. பழைய இரும்புக்காரரிடம் போடுமாறு வீட்டார் சொல்ல, மகனுக்கு மனம் வரவில்லை.

ஓர் இயந்திரத்தில் இடப்பக்க ஒலி இல்லை. வேக நகர்கோல் தடுமாறியது. மற்றொன்றின் நிலை இரங்கத்தக்கது. ஊசிக்கை வளைந்து பேரிங் உடைந்திருந்தது. சுழல்தட்டில் உப்புப் பூத்துக் குழிகள் விழுந்திருந்தன. இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கிக்கொள்ளலாம் என்பதே கண்டோர் அனைவரின் அறிவுரையாக இருந்தது. பெரியவர் அதனை ஏற்கவில்லை. இசைத்தட்டாளருக்கு ஒற்றை இயந்திரம் ஒற்றைக் காலணி போன்றது என்பது அவர் எண்ணம்.

“தம்பி, இவற்றைப் பார்வைக்கு வைக்கப் போகிறீர்களா, பாட்டுப் போடப் போகிறீர்களா?” என்று அவர் வினவினார்.

இளைஞர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “பாட வேண்டும் ஐயா. ஆனால் இந்த இடத்தை மட்டும் மாற்றாதீர்கள்” என்று கூறி, வேக நகர்கோலின் குமிழைக் காட்டினார். பல்லாயிரம் முறை ஒரே விரல் அழுத்தி நகர்த்தியதால் அக்குமிழின் ஒரு புறம் வழவழப்பாகத் தேய்ந்திருந்தது.

சிக்கல் அங்கேதான் இருந்தது. நகர்கோலின் உள்ளே உள்ள கரித்தடம் தேய்ந்து, எவ்வளவு துப்புரவு செய்தும் வேகம் நிலைக்கவில்லை. அதனை மாற்றாவிடின் இயந்திரம் பாடாது. மாற்றினால் தந்தையின் விரல்பட்ட இடம் போய்விடும் என மகன் அஞ்சினார். பெரியவர் பழைய குமிழை மெல்லக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தார். “உங்கள் அப்பா தொட்டது இது. வேலை செய்வது உள்ளே இருக்கும் தடம். உள்ளே இருப்பது புதிதாகட்டும், மேலே இருப்பது இதுவாகவே இருக்கட்டும்” என்றார். புதிய நகர்கோலின் மேல் பழைய குமிழ் பொருந்தி நின்றது.

சுழல்தட்டைத் துப்புரவு செய்யும் பணியைப் பெரியவர் இளைஞரிடமே ஒப்படைத்தார். வேலை முடிந்து வரும் மாலைகளில், பல்துலக்கியும் சவர்க்கார நீருமாக அவர் அமர்ந்தார். நான்கு மாலைகள் சென்றன. வெண்பொடி அகன்றது, குழிகள் அகலவில்லை. அவற்றை அடைத்து வண்ணம் பூசிவிடலாமா என இளைஞர் கேட்டபோது, குழி பாட்டைக் கெடுக்காது, பூச்சு புள்ளிகளைக் கெடுத்துவிடும் எனப் பெரியவர் மறுத்தார். வளைந்த ஊசிக்கைக்கு மாற்றுக் கை தருவிக்க ஆறு வாரங்கள் காத்திருக்க நேர்ந்தது. அதில் மட்டும் பழமையைப் பேணுவதற்கு இடமில்லை. வளைந்த கையில் பூட்டிய ஊசி இசைத்தட்டின் பள்ளத்தையே உழுது அழித்துவிடும் அன்றோ!

இரு இயந்திரங்களும் அருகருகே ஓடிய மாலையில், செந்நிற ஒளியின் முன் ஒன்றின் புள்ளிகள் அசையாமல் நின்றன. மற்றொன்றின் புள்ளிகள் எறும்புபோல் ஊர்ந்தன. பெரியவர் உள்ளிருக்கும் சிறு திருத்தியை மெல்லத் திருப்பினார், அவையும் நின்றன. இளைஞர் தந்தையாரின் பெட்டியிலிருந்து ஓர் இசைத்தட்டை எடுத்தார். அதன் நடுவிலுள்ள வட்டத் தாளில், நகக்கண் அளவான ஒட்டுத்தாள் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. அழுக்கென்று எண்ணி அதனைக் கிள்ளியெறிய முனைந்த விரலைப் பெரியவர் தடுத்து, அக்குறி ஊசிக்கு நேராக வருமாறு தட்டைத் திருப்பி வைக்கச் சொன்னார். ஊசியை இறக்கியதும், முகப்பிசை யாவும் கடந்து, தாளம் எடுக்கும் இடத்தில் பாடல் சரியாகத் தொடங்கியது. பிராங்க்ஸ் பகுதிக் கலைஞர் வண்ணக்கோலால் செய்ததைக் கிள்ளானில் ஒருவர் ஒட்டுத்தாளால் செய்திருந்தார். ஒருவர் மற்றவரை அறிந்திருக்க வேண்டியதில்லை. ஒரே தொழிலின் தேவை இருவர் கையையும் ஒரே வழியில் செலுத்தியது. தந்தை எந்த இடத்தில் பாடலைத் தொடங்க விரும்பினார் என்பதை மகன் அன்றுதான் அறிந்தார். அப்பெட்டியில் அத்தகைய குறியிட்ட தட்டுகள் இன்னும் பல இருந்தன.

நீக்குவதும் நிறுத்துவதும்

பழையதைப் போற்றுதல் வேறு. பழுதைப் போற்றுதல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் இரு திறத்தார். பழைமையின் மீதுள்ள பற்றினால் பழுதையும் தொடவிடாமல் காப்போர் ஒரு திறத்தார். அவர்களிடம் உள்ள பொருள் காட்சிக்கு நிற்குமேயன்றிப் பணிக்கு உதவாது. பழுதின் மீதுள்ள வெறுப்பினால் பழைமை முழுவதையும் உரித்தெறிவோர் மற்றொரு திறத்தார்; அவர்கள் செப்பம் செய்த பொருள் பளபளக்கும், ஆனால் அது எவருடையது என்பதைச் சொல்லாது. நல்ல செப்பனிடுநர் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறார். பணிக்குத் தடையாக நிற்பதை இரக்கமின்றி நீக்குகிறார். தடையாக இல்லாத வடுவை மதித்து விட்டுவிடுகிறார்.

இவ்வளவுகோல் இயந்திரத்திற்கு மட்டும் உரியதன்று. முன்னோர் கையளித்த மொழிக்கும், ஐம்பது அறுபது ஆண்டுகளாக நிற்கும் பள்ளிக்கும், வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கும் இது பொருந்தும். மொழியில் நெடுங்காலப் பயனால் தேய்ந்த சொல் உண்டு. அது வழவழப்பான குமிழ் போன்றது, மாற்ற வேண்டியதில்லை. கேட்போர் காதில் ஏறாதவாறு களிம்பு பிடித்த பயிற்றுமுறையும் உண்டு. அதனைத் துடைக்கத் தயங்குதல் கூடாது. எது குமிழ், எது உள்ளிருக்கும் தடம் என்று பகுத்தறிவதே கடினம். அப்பகுப்பைச் சுற்றறிக்கை எதுவும் செய்துதராது. அருகில் அமர்ந்து, கையால் சுழற்றிப் பார்த்து, காதால் கேட்டு, ஒவ்வொன்றாக அறிய வேண்டியதே அது.

துருவைக் குறித்து மற்றோர் உண்மையும் எண்ணத்தக்கது. செப்பம் செய்யப்பட்ட இயந்திரத்தைத் துணியால் மூடி மீண்டும் மூலையில் வைத்தால், சில மழைக்காலங்களில் களிம்பு திரும்பி வரும். நாள்தோறும் நகரும் நகர்கோலில் அழுக்குத் தங்குவது அரிது. நாள்தோறும் சுழலும் அச்சில் எண்ணெய் உறைவது அரிது. செப்பத்தின் நிறைவு, மீண்டும் பயன்படுத்துவதிலேயே உள்ளது. பயன்படுத்தினால் தேய்வு வரும், வரட்டும். உழைத்துத் தேய்வதே உலகில் பொருள்களுக்கும் மாந்தர்க்கும் வாய்க்கத்தக்க நல்ல முடிவு. கிள்ளானில் அவ்விரு இயந்திரங்களும் இன்று திருமண வீடுகளுக்குச் செல்கின்றன. அக்குமிழின் தேய்ந்த பக்கத்தில் இப்பொழுது மற்றொரு விரல் தேய்ந்துகொண்டிருக்கிறது.